மும்முனைப் போட்டி

மாணிக்கவேல் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தபோது, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் ரைஸ்மில் சாமிதுரை உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சீப்பு பூவன்பழம்.

சாமிதுரை யார் வீட்டுக்கும் போகிற ஆள் இல்லை. ஊர்தான் அவர் மில்லுக்குப் போய் நிற்கும். அப்படிப்பட்டவர் மார்கழிக் குளிரிலும் வியர்வை வழிய, பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மாணிக்கவேலுக்குச் சங்கடமாக இருந்தது.

"எங்க வூட்டுக்காரி குழாயடிக்குப் போயிருக்காங்க. மோரு கொண்டாரட்டுங்களா?"

"மோரெல்லாம் வேணாம் தம்பி. அவங்க இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். ஆம்பளைங்க நாம ரெண்டு பேரும் பேசினா சட்டுனு முடிஞ்சிடும்."

"சொல்லுங்க."

"மும்முனைப் போட்டின்னு ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்குது."

மாணிக்கவேலின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளாக அவன் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி ஒன்றில் ஊறுகாய் ஜாடிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவனுக்கு. அதில் பேர் வாங்க வழியில்லை; ஜாடி உடைந்தால்தான் அவன் பேர் வெளியே வரும். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் ஜங்ஷன் பக்கம் கலியமூர்த்தியின் வாடகை சைக்கிள் கடைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தான். கடலூரில் ஏதோ ஒரு தேகப்பயிற்சி சங்கம் அச்சடித்தது. முதுநகர் உப்பங்கழியில் நீச்சல், அங்கிருந்து விருத்தாசலத்துக்கு சைக்கிள், விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள், மாசி மாதத்தில். மேலே கொட்டை எழுத்தில் 'மாபெரும் மும்முனைப் போட்டி'.

"இதுல நான் ஜெயிப்பேன்" என்று மாணிக்கவேல் அந்த இடத்திலேயே சொன்னான். அதுவரை அவன் ஆற்றில் குளித்திருக்கிறான், கம்பெனிக்கு சைக்கிள் மிதித்திருக்கிறான், சங்கு ஊதிய பிறகு கேட்டுக்கு ஓடியிருக்கிறான். மூன்றும் தெரியும். சேர்த்துச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

கலியமூர்த்தி உடனே கோச் ஆகிவிட்டார். அவர் வாழ்க்கையில் ஓடியதே கிடையாது. சைக்கிள் கடை ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதற்கே ஆள் கைகொடுக்க வேண்டும். ஆனால் சொல்வதைத் தைரியமாகச் சொல்வார். மாணிக்கவேலுக்கு அது போதும். மாசிக்குப் பயிற்சியாகக் காணும் பொங்கலன்று ஊரில் நடக்கும் ஓட்டப் பந்தயத்திலும் அவர் அவனைப் பேர் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"ஆமாங்க, மும்முனைதான்" என்றான் இப்போது சாமிதுரையிடம். "நீங்க கேள்விப்பட்டதுல ரொம்ப சந்தோஷம்."

"எனக்கு சந்தோஷமா இல்ல தம்பி. இதெல்லாம் தேவைங்களா? வாபஸ் வாங்கிட்டா எல்லாருக்கும் மரியாதை."

"வாபஸா? எதுக்குங்க? ரெண்டு மாசமாத் தயாராவுறோம்."

சாமிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு மாசமாவா?"

"பின்ன? விடியக்காத்தால ஆத்துல எறங்கிடறேன். அப்புறம் சைக்கிள எடுத்துக்கினு தெருத்தெருவா ஒரு சுத்து. அப்புறம் கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போயிட்டு வரேன்."

"அங்க எதுக்கு? அது நம்ம வார்டே இல்லியே."

"வார்டோட நின்னா எப்படிங்க? தூரமாப் போனாத்தான் பலம்."

சாமிதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரிய பிளானாத்தான் இருக்குது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உங்களுக்கு இன்னா வேணும், அதச் சொல்லுங்க" என்றார்.

மாணிக்கவேல் யோசித்தான். கோச் தினமும் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார். மனைவி கனகா வாங்கி வருவது போதவில்லை.

"முட்ட கெடைச்சா நல்லா இருக்கும்" என்றான்.

மறுநாள் மில் ஆள் ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

சாமிதுரை வேறு யாரோ ஓட்டக்காரனுக்குப் பரிந்து வந்திருக்கிறார், தன்னைக் கண்டு பயப்படுகிறார் என்று மாணிக்கவேல் முடிவு செய்தான். முடிவு செய்ததும் முட்டை இன்னும் ருசியாக இருந்தது.

கனகாதான் கூடையைப் பார்த்துவிட்டு, "இத வாங்கியிருக்க வேணாங்க" என்றாள்.

"முட்டதான கனகா. முட்ட சாப்டா நான் கீழ எறங்கிடுவேனா?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லேசாகச் சிரித்தாள். கனகா அவன் விஷயத்தில் ரொம்ப அக்கறையானவள் என்பது மாணிக்கவேலின் எண்ணம். போன வாரம்கூட மணிமுத்தாற்றில் அவன் மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்தபோது, துணி துவைக்க வந்த தெருப் பெண்களோடு கரையில் வந்து நின்றாள். அவன் தலையை வெளியே எடுத்தபோது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் பாதி தண்ணீர்.

"எல்லாரும் சொல்றாங்கங்க. நான் நிக்கட்டுங்களா?"

பாவம், குளிரில் எத்தனை நேரம் நிற்பாள் என்று அவனுக்கு மனசு இளகியது. இருந்தாலும் பார்க்க ஆள் இருந்தால் அவனுக்கு மூச்சு கூடுதலாகப் பிடிக்க வரும். "நில்லு கனகா. தைரியமா நில்லு. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூழ்கினான். எழுந்து பார்த்தால் ஒருத்தியையும் காணோம். எல்லோரும் கூட்டமாக எங்கேயோ போய்விட்டிருந்தார்கள். பெண்களுக்குப் பொறுமை கிடையாது என்று நினைத்துக்கொண்டான்.

சாமிதுரையின் முட்டை வந்து சேர்ந்த இரண்டாம் நாள், மத்தியானச் சங்கு ஊதியதும் கம்பெனி கேட்டில் ஜவுளிக்கடை ராஜாங்கம் நின்றிருந்தார். தங்க பிரேம் கண்ணாடி, கையில் குடை.

"சாமிதுரை வூட்டு முட்ட வந்துதாமே."

"ஆமாங்க. நல்ல முட்ட. ஒண்ணுகூட கூமுட்ட இல்ல."

"அப்ப அந்தப் பக்கம் சாஞ்சாச்சா?"

"சாயறதா? நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேங்க. நேரா நிமிந்தே இருக்கணும்னு எங்க கோச்சு சொல்லியிருக்காரு. சாஞ்சா போச்சு."

"கோச்சா? அதுக்கு ஆளே வச்சிருக்கீங்களா? எங்கேந்து?"

"ஜங்ஷன்லேந்துங்க."

ராஜாங்கம் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஜங்ஷனில் மெட்ராஸ் ரயிலிலிருந்து யாரோ பெரிய ஆள் இறங்கி, உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பது போல அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். 

"தம்பி, காணும் பொங்கலுக்கு மறுநாள் வரைக்கும் டைம் இருக்குது. வாபஸ் வாங்கறது ஒண்ணும் அவமானமில்ல. நல்லா யோசிங்க."

காணும் பொங்கலன்று நடக்கிற ஓட்டப் பந்தயத்திலிருந்து அதற்கு மறுநாள் எப்படி வாபஸ் வாங்குவது என்று மாணிக்கவேலுக்கு விளங்கவில்லை. துணி அளக்கிறவருக்குத் தேதிக் கணக்கு வராதுபோல என்று விட்டுவிட்டான்.

"உங்களுக்கு நம்ம கடையிலேந்து ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாமக் கேளுங்க" என்றார் ராஜாங்கம்.

"ரெண்டு அரை டிராயர் வேணுங்க. முழங்காலுக்கு மேல நிக்கணும்."

ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இருந்தாலும் சாயங்காலமே டிராயர் வந்து சேர்ந்தது.

போகிக்கு இரண்டு நாள் முன்னால், மாணிக்கவேல் புது டிராயரோடு சைக்கிள் கடையில் போய் இறங்கினான். நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னான். கலியமூர்த்தி கேட்டுக்கொண்டே ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது டியூபை விட்டுவிட்டார்.

"யோவ், சாமிதுரையும் ராஜாங்கமும் இந்தத் தடவ உங்க வார்டுல நிக்கறாங்கய்யா. டவுன் பஞ்சாயத்து எலெக்ஷனு வருதில்ல."

"அப்படியா?"

"அப்படியாவா? மும்முனைப் போட்டின்னு சொன்னா எலெக்ஷன் நேரத்துல ஜனங்க இன்னா நெனப்பாங்க? மூணு பேரு ஓட்டுக்கு மோதறதத்தான் நெனப்பாங்க. நீ ஊரெல்லாம் மும்முனைப் போட்டிக்குத் தயாராவுறேன், தயாராவுறேன்னு சொல்லிக்கினு திரிஞ்சிருக்க. மூணாவது ஆளு நீதான்னு நெனச்சிட்டாங்க."

மாணிக்கவேல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கலியமூர்த்தியின் கடை ஜங்ஷன் பக்கம்; அது வேறு வார்டு. அங்கே உட்கார்ந்துகொண்டே இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டாரே என்று அவனுக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகுதான் சாப்பிட்ட முட்டை நினைவுக்கு வந்தது.

"இன்னா செய்யறது?"

"மொதல்ல வாங்கினத திருப்பிக் குடு."

முட்டை முழுவதும் அவன் தொடையிலும் தோளிலும் சதையாகிவிட்டிருந்தது. சந்தையில் வேறு முட்டை வாங்கி, அதே கூடையில் அடுக்கி, மில்லில் கொண்டுபோய் வைத்தான். சாமிதுரை இல்லை. கணக்குப்பிள்ளையிடம், "ஐயா கிட்ட சொல்லிடுங்க. எங்களுக்கு இந்த முட்டையெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள், தெருமுனையில் பாழடைந்த கிடங்குச் சுவரில் யாரோ காவிக்கட்டியால் பெரிதாக எழுதிவிட்டார்கள்: 'முட்டைக்கு மயங்காத குடும்பம்'.

எதிர்ப்பட்ட தெருப் பெண்கள் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். டிராயரோடு நின்றவனுக்குத் திருப்பிக் கும்பிடுவதா, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

மறுநாள் நேராக ஜவுளிக்கடைக்குப் போனான். டிராயரைத் திருப்பித்தர முடியாது. ஒன்று துவைத்துக் கொடியில் கிடந்தது, இன்னொன்றை அவன் போட்டிருந்தான். வாயால் சொல்லிவிடுவது என்று போனான்.

"எனக்கும் எலெக்ஷனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

ராஜாங்கம் கடை ஆட்களைப் பார்த்து, பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தார். "இப்படிச் சொல்லணும்னு ஜங்ஷன்காரரு சொல்லிக் குடுத்தாரா?"

"ஆமாங்க, அவருதான் போயிச் சொல்லுன்னாரு."

"நல்ல மூளை அவருக்கு. சம்பந்தம் இல்லன்னு நீங்க சொன்னா நான் நம்பணும். நான் நம்பிச் சும்மா இருக்கணும். அதானே?"

"அதேதாங்க" என்றான் மாணிக்கவேல், புரிந்துகொண்டாரே என்ற மகிழ்ச்சியில்.

ராஜாங்கம் அன்றே தன் கடை மாடியில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்.

போகியன்று மாணிக்கவேல் கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்தான். வீட்டுக்கு அடித்தது போக மீதியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனைச் சுவரில் அந்த எழுத்து இருந்த இடத்தை அழித்தான். கொஞ்சம் மட்டும் அழித்தால் திட்டாகத் தெரிந்தது. எடுத்த வேலையை அரைகுறையாக விடுவது அவன் வழக்கமில்லை. முழுச் சுவரையும் பளிச்சென்று வெள்ளை அடித்துவிட்டான். எதிரே இருந்த இன்னொரு சுவரும் அழுக்காக இருந்தது. அதையும் அடித்தான். கையைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது சாமிதுரையின் மில் ஆட்கள் இரண்டு பேர் வாளியும் மட்டையுமாக நின்று அவனை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாச் சுவத்தையும் புடிச்சிட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"புடிக்கல. சுத்தம் பண்ணேன்."

"வெள்ளையடிச்சு விளம்பரத்துக்கு எடம் போட்டுட்டு சுத்தம் பண்ணாராம்" என்று அவன் இன்னொருவனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பஞ்சாயத்து ஆபீசிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று சைக்கிளை எடுத்தான். பூட்டு தொங்கியது. பியூன் பக்கிரி பொங்கலுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பதாகவும், காணும் பொங்கலன்றுதான் திரும்புவார் என்றும் பக்கத்து வெற்றிலைக் கடையில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கனகா வாசல் தெளித்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் தெருப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பந்தயத்தன்று தனக்கு எங்கே நின்று குலவை போடுவது என்று பேசுகிறார்கள்போல என்று அவன் தொந்தரவு செய்வதில்லை. இன்று அவள் தனியாக வந்திருந்தாள்.

"ஏங்க, ஊர்ல பேசிக்கறதப் பத்தி உங்ககிட்ட ஒக்காந்து பேசணும்னு பாக்கறேன். நீங்க ஆத்துல இருக்கீங்க, இல்லன்னா ரோட்டுல இருக்கீங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்குதா?"

மாணிக்கவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தன்னைப் பற்றிய புரளி இவள் காதுக்கும் வந்துவிட்டது. இவள் தனக்காகக் கவலைப்படுகிறாள்.

"சங்கடம் என்ன சங்கடம். நீ ஒண்ணும் கவலப்படாத. காணும் பொங்கலன்னிக்கு மைக்கு வச்சிருப்பாங்க இல்ல, ஊரே கூடியிருக்கும். நானே மேடையேறி எல்லார் முன்னாடியும் தெளிவாச் சொல்லிடறேன்."

கனகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா? ஊரு முன்னாடி நீங்களா சொல்லுவீங்களா?"

"சொல்லாம? எனக்கு இன்னா பயம்?"

"எனக்கு அது போதுங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய் அவனுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொண்டுவந்தாள்.

காணும் பொங்கலன்று காலையில் கருவேப்பிலங்குறிச்சி கடைத்தெருவில் ஓட்டக்காரர்கள் கூடினார்கள். அங்கிருந்து கிளம்பி விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் கோபுர வாசலில் முடிய வேண்டும். முதல் பரிசு ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. வருஷம் முழுக்க அதையே வைக்கோலில் சுற்றிக்கொண்டிருக்கும் மாணிக்கவேல் அதைக் கண்டு மயங்கவில்லை. கலியமூர்த்தி மாட்டுவண்டியில் வந்து இறங்காமலே அறிவுரை சொன்னார்.

"மொதல்லேருந்தே சொன்னதுதான். இது உனக்குப் பந்தயமில்ல, மாசிக்குப் பயிற்சி. அதுவுமில்லாம இன்னிக்கு நீ ஜெயிச்சியோ, தூக்கி வச்சு ஆடுவாங்க, நேரா மெம்பராக்கிட்டுத்தான் கீழ எறக்குவாங்க. கடைசியா வா. நாலு பேரு சிரிக்கட்டும். சிரிச்சுட்டா எவனும் ஓட்டுப் போட மாட்டான்."

"கடைசியாவா?" என்றான் மாணிக்கவேல். இந்த ஒன்றில்தான் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை.

கொடி அசைந்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். மாணிக்கவேல் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி கிளம்பினான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கரும்பு வண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டிருந்தது. நேரத்தைப் போக்க நல்ல இடம் என்று அவன் நின்று, தோளைக் கொடுத்துத் தள்ளினான். இத்தனை நாள் முட்டை சும்மா போகுமா. வண்டி ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது. வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டார். "பந்தயத்த விட்டுட்டு வந்து கை குடுத்தீங்களே. எங்க தங்கச்சி உங்க தெருவுலதான் இருக்கா. அவ வூட்டு ஓட்டு பூரா உங்க வூட்டுக்குத்தான்."

மாணிக்கவேல் பதறிப்போய் ஓடினான். ஓடியதில் இரண்டு பேரைத் தாண்டிவிட்டான்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு அடிபம்பில் கூட்டமாகப் பெண்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றான். கைப்பிடி இறுகிப்போய், ஒரு அம்மாள் தொங்கிக்கொண்டிருந்தாள். அவன் பிடித்து நாலு அடி அடித்ததும் தண்ணீர் கொட்டியது. நேரம் போகட்டும் என்று எல்லாக் குடத்தையும் நிரப்பினான்.

"பாத்தியா, தண்ணிக் கஷ்டம் தெரிஞ்ச குடும்பம்" என்றாள் ஒருத்தி.

"இவங்களுக்குப் போடாம யாருக்குப் போடறது" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு யாரும் எதுவும் போட வேணாம்மா" என்று கெஞ்சினான்.

"கேட்டியா, தனக்குன்னு எதுவும் கேக்க மாட்டேங்கறாரு" என்றார்கள்.

அங்கிருந்து தப்பித்து ஓடியபோதுதான் எதிரே நீளமாக ரோடு தெரிந்தது. ரோட்டில் தள்ளாடிக்கொண்டு எல்லா ஓட்டக்காரர்களும். ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். இரண்டு பேர் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் போனவன் முதுகு கூன, வாயைத் திறந்தபடி போய்க்கொண்டிருந்தான். மாணிக்கவேலுக்கு மூச்சே வாங்கவில்லை. ஆற்றில் அடக்கிப் பழகிய மூச்சு நெஞ்சில் அப்படியே முழுதாக இருந்தது.

கோச் சொன்னது நினைவுக்கு வந்தது. எலெக்ஷன் நினைவுக்கு வந்தது. முதலில் போகிறவனின் கூன் முதுகும் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படி ஓடுகிறவன் தனக்கு முன்னால் போவதை எந்த மனிதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கால் தானாகப் பிய்த்துக்கொண்டது. கரும்புச் சாறு கடை போயிற்று, இடுப்பைப் பிடித்தவன் போனான், ராஜாங்கம் கடை மாடி ஒலிபெருக்கி எதையோ சொல்லிக்கொண்டே பின்னால் போயிற்று. சன்னதித் தெருவில் திரும்பும்போது கூன் முதுகுக்காரன் ஒரு முறை பக்கவாட்டில் பார்த்தான், அதோடு சரி. கோபுர வாசலில் கட்டியிருந்த நாடாவை மாணிக்கவேல் மார்பால் அறுத்துக்கொண்டு போய், நிற்க மனசில்லாமல் தேரடி வரை ஓடிவிட்டுத் திரும்பினான்.

அவனைத் தூக்கிவிட்டார்கள். தோளுக்குத் தோள் மாறி மேடைக்கு வந்தான். அங்கிருந்து பார்த்தால் முன்வரிசை நாற்காலியில் ஒரு ஓரத்தில் சாமிதுரை, இன்னொரு ஓரத்தில் ராஜாங்கம். நடுவில், தெருப் பெண்கள் கூட்டத்துக்கு முன்னால், கொத்துக் கொத்தாகக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கனகா. ஜாடியைக் கையில் கொடுத்தார்கள். அவன் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கங்க. ஊர்ல ஒரு பேச்சு ஓடுது. மும்முனைப் போட்டின்னு. அதப்பத்தி ஒரு வார்த்த சொல்லிடறேன்."

சாமிதுரை முன்னால் சாய்ந்தார்.

"நான் நீஞ்சுவேன். சைக்கிள் ஓட்டுவேன். ஓடுவேன், அத இப்பத்தான் பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மெம்பரு வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. குழாயில தண்ணி வரலைன்னா எந்த ஆபீசுல போயி யார்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தெரியாது. தெருவிளக்கு எரியலைன்னா யாருக்கு எழுதணும்னு தெரியாது. எங்க வூட்ல அந்த மாதிரி வெவரமெல்லாம் கனகாவுக்குத்தான் தெரியும்."

ஒரு கைதட்டல் கிளம்பிப் பின்வரிசை வரை போயிற்று. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் எப்படி ரசிக்கிறார்கள் என்று மாணிக்கவேலுக்கு உற்சாகம் வந்தது.

"அதனால எனக்கு யாரும் ஓட்டுப் போட வேணாம். யாருக்கு ஓட்டுன்னு என்னக் கேக்கவும் வேணாம். கேக்கணும்னா நேரா எங்க வூட்டுக்கு வந்து கனகாவையே கேளுங்க. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் இத்தன வருஷமா அப்படித்தான் குடும்பம் பண்றேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது. கைதட்டல் கோபுரத்துப் புறாக்களையெல்லாம் கிளப்பிவிட்டது. ராஜாங்கம் குடையை ஊன்றி எழுந்து, சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை ராஜாங்கத்தைப் பார்த்தார். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு பேரும் ஒன்றாகவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். கனகா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். முதல் பரிசு என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டான் மாணிக்கவேல்.

மேடையை விட்டு இறங்கும்போது உடம்பு காற்றாக இருந்தது. முட்டை, டிராயர், சுவர், புரளி எல்லாம் ஒரே பேச்சில் தீர்ந்துவிட்டன. இனி மாசிப் போட்டி ஒன்றுதான். அதையும் ஜெயித்துவிட வேண்டியதுதான்.

படிக்குக் கீழே பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் பக்கிரி, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியவர், கையில் பையோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"வா பக்கிரி. ஆபீசுக்கே வந்து உன்னத் தேடினேன். நல்லவேளை, நானே சொல்லிட்டேன். நான் எலெக்ஷன்ல நிக்கலன்னு இப்பவாச்சும் ஊருக்கே புரிஞ்சிருக்கும் இல்ல?"

பக்கிரி கைதட்டுவதை நிறுத்தினார்.

"நீங்க நிக்கறீங்கன்னு யாருண்ணே சொன்னது? நிக்கறது நம்ம கனகா அண்ணியாச்சே."